அம்மா அப்பாவைச் சிங்கப்பூர் குரூஸுக்கு அழைத்துப் போக விசா, பாஸ்போர்ட் என்னென்ன வேண்டும்?

கொட்டகலை குமரன்:
வணக்கம். அம்மா கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர், அப்பா தோட்டத்து ஃபெக்டரியில் இருந்தார். இருவருமே 65ஐத் தாண்டிவிட்டார்கள். உடம்பு ஒத்துழைக்கும்போதே ஒரு நல்ல பயணம் அழைத்துப் போக வேண்டும் என்று நானும் மனைவியும் முடிவு செய்தோம். கொழும்பிலிருந்து சிங்கப்பூருக்கு விமானம், அங்கிருந்து கப்பல். போர்ட் கிளாங், புக்கெட், பினாங்கு பார்த்துவிட்டுத் திரும்பவும் சிங்கப்பூர். எங்களோடு 9 வயது மகளும் வருகிறாள்.

டிக்கெட் போடும் இடத்தில், "சிங்கப்பூருக்கு நமக்கு விசா வேண்டாம், கப்பல்தானே, அதற்கும் ஒன்றும் வேண்டாம்" என்கிறார்கள். மலேசியாவுக்கும் விசா தேவையில்லை என்று ஒரு தமிழ் யூடியூப் வீடியோவில் பார்த்தேன். இதை நம்பி முற்பணம் கட்டலாமா?

இன்னொரு விஷயம், அப்பாவிடம் பாஸ்போர்ட்டே கிடையாது. அம்மாவிடம் குவைத் போய்வந்த காலத்துப் பழையது ஒன்று இருக்கிறது. அதில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறு எழுத்து, பிறப்புச் சான்றிதழில் இன்னொரு மாதிரி. எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தலவாக்கலை தர்ஷினி:
தம்பி, முதலில் அந்த வீடியோவை விடுங்கள். தமிழில் வரும் குரூஸ் வீடியோக்களில் பெரும்பாலானவை தமிழ்நாட்டிலிருந்து வருபவை. அவர்கள் பேசுவது இந்தியப் பாஸ்போர்ட்டைப் பற்றி. இந்தியர்களுக்கு 2023 டிசம்பர் 1 முதல் மலேசியாவில் விசா விலக்கு இருக்கிறது, நமக்கு இல்லை. இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு மலேசிய ஈ-விசா எடுத்தே ஆக வேண்டும். சிங்கப்பூர் நேர் எதிர். இந்தியர்களுக்கு விசா வேண்டும், நமக்கு வேண்டாம். அந்த வீடியோவை அப்படியே பின்பற்றினால் தேவையில்லாத இடத்தில் விசாவுக்கு அலைந்து, தேவைப்படும் இடத்தில் வெறுங்கையோடு நிற்க வேண்டிவரும்.

தாய்லாந்தில் 2024 ஜூலை 15இல் அறிவித்த விசா விலக்குப் பட்டியலில் இலங்கையும் இருந்தது. ஆனால் இந்தச் சலுகைகள் வரும், போகும். கப்பல் ஏறும் மாதத்தில் அந்தந்த நாட்டுக் குடிவரவுத் தளத்தில் மறுபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

பண்டாரவளைக் கப்பல்காரன்:
இந்த இழைக்கு நான் எழுதியே ஆக வேண்டும். பண்டாரவளை ஹோட்டல் பாடசாலையில் படித்துவிட்டு இப்போது பயணிகள் கப்பலில் விருந்தினர் சேவைப் பகுதியில் வேலை செய்கிறேன். பயணிகள் ஏறும் நாளில் செக்-இன் மேசையிலும் நிற்பதுண்டு. அங்கே பார்ப்பதை வைத்துச் சொல்கிறேன்.

விமான டிக்கெட்டைப் பார்த்து விசாவைத் தீர்மானிக்கிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். பார்க்க வேண்டியது கப்பல் போகும் பாதையை. பாதையில் உள்ள துறைமுகங்களை வரிசையாக ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றும் எந்த நாடு, அந்த நாட்டுக்குள் எத்தனையாவது தடவை நுழைகிறீர்கள் என்று பக்கத்தில் குறியுங்கள்.

குமரன் அண்ணா சொன்ன பாதையையே எடுப்போம். சிங்கப்பூர், போர்ட் கிளாங், புக்கெட், பினாங்கு, சிங்கப்பூர். போர்ட் கிளாங் மலேசியா, முதல் நுழைவு. புக்கெட் தாய்லாந்து, அதாவது மலேசியாவை விட்டு வெளியேறிவிட்டீர்கள். பினாங்கு மறுபடியும் மலேசியா, இரண்டாவது நுழைவு. ஒரே நுழைவுக்கான மலேசிய விசா போர்ட் கிளாங்கிலேயே முடிந்துபோகும், பினாங்குக்குச் செல்லாது. அதே கப்பல் போர்ட் கிளாங், பினாங்கு, புக்கெட் என்று போனால் மலேசியா ஒரே நுழைவுதான். மூன்றும் அதே ஊர்கள், வரிசை மட்டும் வேறு, விசா கணக்கு மாறிவிட்டது. உங்கள் பெற்றோரைப் போல முதல் தடவை போகிறவர்களுக்கு மலேசியா ஒரு நுழைவோடு முடியும் பாதையைத் தேர்ந்தெடுங்கள். சிங்கப்பூர், பினாங்கு, புக்கெட், சிங்கப்பூர் என்று போகும் பயணங்களும் உண்டு.

ஈ-விசா எடுக்கும்போது எந்தெந்த வாசல் வழியாக நுழையலாம் என்ற நிபந்தனையையும் வாசியுங்கள். விமான நிலையத்துக்குச் செல்லும் விசா எல்லாத் துறைமுகத்துக்கும் செல்லும் என்று நாமாக நினைத்துக்கொள்ளக் கூடாது.

சிங்கப்பூரிலும் ஒரு கவனம் தேவை. விமானத்தில் போய் இறங்குவது ஒரு நுழைவு, கப்பலில் திரும்பி வருவது இன்னொரு நுழைவு. சிங்கப்பூர் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும், வரும் நாளையும் சேர்த்து மூன்று நாட்களுக்குள். திரும்பி வரும்போதும் அதை மறக்காதீர்கள். மலேசியாவுக்கும் 2024 ஜனவரி முதல் இதேபோல டிஜிட்டல் அட்டை இருக்கிறது. இரண்டும் இலவசம். காசு கேட்டால் அது அரசாங்கத் தளம் இல்லை, உடனே மூடிவிடுங்கள்.

பதுளை ராஜன்:
கப்பல்காரன் தம்பி சொல்வது சட்டப்படி சரியாக இருக்கலாம். ஆனால் நடைமுறையில் இவ்வளவு பார்ப்பார்களா? என் நண்பர் குடும்பம் போய் வந்தது. துறைமுகத்தில் யாரும் பாஸ்போர்ட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை, கப்பல் அட்டையைக் காட்டி இறங்கி ஏறினோம் என்றார். விசா இல்லாத ஊரில் இறங்காமல் கப்பலிலேயே இருந்துவிட்டால் போச்சு. வயதானவர்களுக்கு அதுவே வசதிதானே? சாப்பாடு, கடல் காற்று எல்லாம் கப்பலில் இருக்கிறது.

பண்டாரவளைக் கப்பல்காரன்:
ராஜன் அண்ணா, உங்கள் நண்பர் சொன்னது உண்மைதான், அப்படித்தான் நடக்கும். துறைமுகத்தில் பயணியிடம் கேட்பதில்லை, ஏனென்றால் கப்பல் போய்ச் சேருமுன்பே எல்லாப் பயணிகளின் பாஸ்போர்ட் விவரமும் பட்டியலாக அந்த நாட்டுக்குப் போய்விடும். சில பயணங்களில் ஏறும்போதே பாஸ்போர்ட்டை வாங்கி உள்ளே வைத்துக்கொள்வோம், கடைசி நாளில்தான் கொடுப்போம். அதிகாரிகள் எங்கள் அலுவலகத்திலேயே உட்கார்ந்து பார்த்து முடித்துவிடுவார்கள். பயணியின் கண்ணுக்குப் படவில்லை, அவ்வளவுதான். (பாஸ்போர்ட்டை வாங்கி வைக்கிறார்களே என்று அம்மா அப்பா பயப்படக் கூடாது, முன்கூட்டியே சொல்லிவையுங்கள். நிழற்பிரதி ஒன்று கையில் இருக்கட்டும்.)

இறங்காமல் இருந்தால் விசா வேண்டாம் என்பது மிகவும் ஆபத்தான நம்பிக்கை. பாதையில் உள்ள எல்லா நாட்டுக்கும் ஆவணம் இருக்கிறதா என்று ஏறுமிடத்திலேயே பார்ப்பார்கள். நீங்கள் இறங்குவீர்களா மாட்டீர்களா என்ற கேள்வியே வராது. ஆவணம் இல்லாத பயணியைக் கொண்டுவந்தால் கப்பல் நிறுவனத்துக்கு அபராதம் விழும், திருப்பி அனுப்பும் செலவும் அதன் தலையில்தான்.

அபராதத்தை விடுங்கள். நடுக்கடலில் ஒருவருக்கு மாரடைப்பு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கப்பல் மருத்துவர் முதலுதவி செய்வார், அடுத்த துறைமுகத்தில் ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்புவோம். கப்பல் காத்திருக்காது. அவரும் கூடவே இறங்கும் மகனும் அந்த நாட்டில் தங்கி, அங்கிருந்து விமானத்தில் ஊர் வர வேண்டும். 70 வயதை நெருங்கும் இரண்டு பேரை அழைத்துப் போகிறோம், இதை யோசிக்காமல் இருக்க முடியுமா?

ஏறும் மேசையில் திருப்பி அனுப்பப்பட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். பெட்டியெல்லாம் உள்ளே போய்விட்டது, குழந்தை நீச்சல் உடையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிறது, தகப்பன் கையெடுத்துக் கும்பிடுகிறார். எங்களால் எதுவும் செய்ய முடியாது. ஆவணக் குறையால் ஏற முடியாமல் போனால் டிக்கெட் பணம் வராது, பயணக் காப்புறுதியும் பொதுவாகக் கொடுக்காது. தயவுசெய்து யாருக்கும் "இறங்காமல் இருந்துவிடலாம்" என்று சொல்லாதீர்கள்.

பதுளை ராஜன்:
சரி தம்பி, மருத்துவ விஷயத்தை நான் அந்தக் கோணத்தில் யோசிக்கவில்லை. ஆனாலும் ஒன்று கேட்கிறேன். கப்பல் நிறுவனமே "இந்தத் துறைமுகத்துக்கு விசா தேவையில்லை" என்று சொன்னால்?

பண்டாரவளைக் கப்பல்காரன்:
எழுத்தில் வாங்குங்கள். மின்னஞ்சலில், இலங்கைப் பாஸ்போர்ட் என்று குறிப்பிட்டு, பயணத் திகதியோடு. சில நாடுகள் கப்பல் பயணிகளுக்கென்று தனி ஏற்பாடு வைத்திருப்பது உண்மைதான். நியூசிலாந்தை எடுத்துக்கொள்ளுங்கள். கப்பலில் வந்து கப்பலிலேயே திரும்பும் பயணி எந்த நாட்டவராக இருந்தாலும் விசாவுக்குப் பதில் மின்னணுப் பயண அனுமதி எடுத்தால் போதும். ஆனால் கப்பல் ஏறுவதற்காக விமானத்தில் நியூசிலாந்து போனால் நமக்கு முழு விசா வேண்டும். அவுஸ்திரேலியாவில் சிட்னியில் ஏறி, பசிபிக் தீவுகளைப் பார்த்துவிட்டு சிட்னிக்கே திரும்புகிறவர்கள், தங்கள் விசா மறு நுழைவுக்கு இடம் தருகிறதா என்று முன்கூட்டியே பார்க்க வேண்டும். ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு விதம். டிக்கெட் விற்பவர் வாயால் சொல்வது ஏறுமிடத்தில் செல்லுபடியாகாது.

லிந்துலை ஓய்வுபெற்ற அதிபர்:
பிள்ளைகள் விசாவைப் பற்றி நன்றாகச் சொல்லியிருக்கிறீர்கள். நான் அதற்கு முந்திய கட்டத்தைப் பற்றி எழுதுகிறேன். நம்முடைய ஆட்களுக்குப் பயணம் தடைப்படுவது பெரும்பாலும் அங்கேதான்.

தோட்டத்தில் பிறந்த நம் மூத்த தலைமுறையின் பத்திரங்களில் பெயர் ஒரே மாதிரி இருப்பது அபூர்வம். பிறப்பைப் பதிந்தவர் காதில் கேட்டபடி எழுதினார். செக்ரோலில், அதாவது தோட்டத்து வேலையாள் பதிவேட்டில், கணக்கப்பிள்ளை எழுதியது ஒன்று. அடையாள அட்டைக்கு விண்ணப்பம் நிரப்பியவர் எழுதியது இன்னொன்று. லெட்சுமி என்பவர் ஒரு பத்திரத்தில் லட்சுமி, இன்னொன்றில் லெச்சுமியம்மா. தகப்பன் பெயர் ராமசாமி ஓரிடத்தில் முன்னால் வரும், ஓரிடத்தில் பின்னால் வரும், ஓரிடத்தில் இருக்கவே இருக்காது. ஆங்கிலத்தில் எழுதும்போது இன்னும் இரண்டு மூன்று வடிவம் வந்துவிடும். சேமலாப நிதிப் பணம் எடுக்கும்போதே எத்தனை பேர் இதனால் அலைந்தார்கள் என்று நமக்குத் தெரியும்.

ஆகவே குமரன், பாஸ்போர்ட் விண்ணப்பத்துக்கு முன்பு பிறப்புச் சான்றிதழின் புதிய பிரதியை எடுத்துப் பாருங்கள். எழுத்துப் பிழை என்றால் பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் திருத்தத்துக்கு விண்ணப்பிக்கலாம். அதற்குப் பழைய ஆதாரங்கள் கேட்பார்கள். தோட்டப் பாடசாலையின் சேர்வுப் பதிவேடு நல்ல ஆதாரம். பழைய தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றபோது பதிவேடுகளும் பல இடங்களில் கைமாறின, அதிபரிடம் நேரில் போய்க் கேளுங்கள், தொலைபேசியில் கேட்டால் தேட மாட்டார்கள். பிறப்பே பதியப்படவில்லை என்றால், தேடிப் பார்த்துப் பதிவு இல்லை என்று உறுதியான பிறகு, உத்தேச வயதுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும் வழி இருக்கிறது.

அடையாள அட்டையில் திருத்தம் வேண்டுமென்றால் கிராம உத்தியோகத்தர் வழியாக ஆட்பதிவுத் திணைக்களத்துக்குப் போக வேண்டும். இரண்டு திருத்தத்தையும் ஒரே நேரத்தில் தொடங்காதீர்கள். பிறப்புச் சான்றிதழ் முதலில், அதைக் காட்டி அடையாள அட்டை, அதன் பிறகு பாஸ்போர்ட்.

அப்புறம் பிரஜாவுரிமை. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களான நம்மை நாடற்றவர்களாக்கியது. 1949ஆம் ஆண்டு இந்திய பாகிஸ்தானியர் சட்டத்தின் கீழ் சிலருக்குப் பதிவு கிடைத்தது. 1964இல் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974 ஒப்பந்தம் பாதி பாதியாகப் பங்கிட்டது. கடைசியாக 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம்தான், 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வாழ்ந்தவர்களுக்கும் அவர்களின் வாரிசுகளுக்கும் பிரஜாவுரிமையை உறுதியாக்கியது. வீட்டில் பெட்டியின் அடியில் தாத்தாவின் பிரஜாவுரிமைச் சான்றிதழ் கிடந்தால் அதைப் பத்திரமாக எடுத்து, பிரதி போட்டு, மூலத்தையும் கையோடு கொண்டுபோங்கள். கருமபீடத்தில் கேட்டால் அங்கேயே காட்டலாம், மறுபடி ஒரு நாள் கோச்சி ஏறி வர வேண்டியிருக்காது.

நம் குடும்பங்களில் "கப்பல்" என்றாலே தலைமன்னார் பாலத்தடியில் உறவுகளை ஏற்றி அனுப்பிய கப்பல்தான் முன்பெல்லாம் நினைவுக்கு வரும். ஹட்டன் ஸ்டேஷனில் அழுகுரலோடு புறப்பட்ட கோச்சிகளை நான் சிறுவனாக நின்று பார்த்தேன். இன்றைக்கு அந்த மக்களின் பிள்ளை தன் தாய் தகப்பனை உல்லாசக் கப்பலில் ஏற்றப் பத்திரம் தேடுகிறான். எனக்கு மிகுந்த சந்தோஷம் மகனே.

கொட்டகலை குமரன்:
ஐயா, இதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவருடைய சித்தப்பா குடும்பம் அப்படித்தான் கோத்தகிரிக்குப் போனது. பழைய பெட்டியைத் தேடச் சொல்லியிருக்கிறேன்.

ஹட்டன் ஜெயா:
நான் டவுனில் கொம்யூனிகேஷன் கடை வைத்திருக்கிறேன். பாஸ்போர்ட் படிவம் நிரப்புவது எங்களுக்கு அன்றாட வேலை. சில விஷயங்கள் சொல்கிறேன்.

பாஸ்போர்ட் கொடுப்பது குடிவரவு குடியகல்வுத் திணைக்களம். நுவரெலியா மாவட்டத்துக்காரர்களுக்குப் பக்கம் அதன் கண்டி அலுவலகம். பத்தரமுல்லை தலைமை அலுவலகத்துக்கும் போகலாம். 2023 ஜூனில் தொடங்கிய இணைய முறையில் வீட்டிலிருந்தே விண்ணப்பித்து, தெரிந்தெடுத்த பிரதேச செயலகங்களில் கைரேகை கொடுக்கும் வசதியும் வந்தது. எல்லாப் பிரதேச செயலகத்திலும் இல்லை, கேட்டுவிட்டுப் போங்கள்.

கைரேகை என்றதும் கொழுந்து பறித்த அம்மாமார் பயப்படுகிறார்கள், விரல் தேய்ந்திருக்கும் என்று. கைரேகை எடுப்பது 16 முதல் 60 வயது வரை உள்ளவர்களுக்கு. குமரனின் அம்மா அப்பாவுக்கு அந்தப் பிரச்சினை வராது.

போட்டோவை எந்த ஸ்டூடியோவிலும் எடுக்க முடியாது. திணைக்களம் அனுமதித்த ஸ்டூடியோவில்தான். அவர்கள் படத்தை நேரடியாகத் திணைக்களத்துக்கு அனுப்பிவிட்டு உங்களுக்கு ஒரு துண்டு தருவார்கள், அதைத் தொலைத்துவிடாதீர்கள்.

அம்மாவின் பழைய பாஸ்போர்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள். காலாவதியாகியிருந்தாலும் விண்ணப்பத்தோடு கொண்டுபோக வேண்டும். முன்பு வெளிநாட்டு வேலைக்குப் போனவர்கள் பலருக்கு மத்திய கிழக்கு நாடுகளுக்கு மட்டும் என்றுதான் கொடுத்தார்கள். இப்போது எடுக்கும்போது எல்லா நாடுகளுக்கும் என்று விண்ணப்பியுங்கள். அப்போது ஏஜென்சிக்காரர் வயதைக் கூட்டி எழுதியிருந்தால் அதையும் இப்போதே சொல்லிவிடுங்கள். பிறந்த திகதி இரண்டு இருந்தால் பிறகு விசாவில் பெரிய தலைவலி.

அம்மா அப்பாவுக்குத் திருமணப் பதிவு இருக்கிறதா? கோயிலில் தாலி கட்டியதோடு சரி, பதிவு செய்யவில்லை என்று பலர் சொல்வார்கள். பதிவு இல்லாவிட்டால் அம்மாவின் பாஸ்போர்ட்டில் கணவர் பெயரைச் சேர்க்கப் பார்க்காதீர்கள், பிறந்த பெயரிலேயே எடுங்கள்.

மகளுக்குப் பாஸ்போர்ட் இருந்தால் காலாவதித் திகதியைப் பாருங்கள். 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மூன்று வருடத்துக்குத்தான் கொடுக்கிறார்கள், பெரியவர்களுக்குப் பத்து. நம்முடையதைப் பார்த்துவிட்டுப் பிள்ளையுடையதை மறந்துவிடுகிறோம். பயணம் முடியும் திகதிக்குப் பிறகு ஆறு மாதம் மிச்சம் இருக்க வேண்டும்.

பண்டாரவளைக் கப்பல்காரன்:
ஜெயா அக்கா சொன்ன ஆறு மாதத்தோடு ஒன்றைச் சேர்க்கிறேன். கப்பல் டிக்கெட் போடும்போது முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு பெட்டி வரும். நமக்குக் குடும்பப் பெயர் என்ற வழக்கமே கிடையாது, எதை எங்கே போடுவது என்று குழம்புவார்கள். பாஸ்போர்ட்டின் படப் பக்கத்தில் அடியில் அம்புக்குறிகளோடு இரண்டு வரி இருக்கும். அதில் முதல் வரியில் நாட்டுக் குறியீட்டுக்குப் பிறகு முதலில் வருவது குடும்பப் பெயர், இரட்டை அம்புக்குறிக்குப் பிறகு வருவது மற்றப் பெயர். இயந்திரம் வாசிப்பது அதைத்தான். அப்படியே எழுத்துக்கு எழுத்து டிக்கெட்டிலும் விசாவிலும் போடுங்கள்.

ஆகவே பாஸ்போர்ட் கைக்கு வரும் வரை டிக்கெட் போட வேண்டாம். "பிறகு பெயர் மாற்றிக்கொள்ளலாம்" என்பார்கள். அதற்குக் காசு போகும், சில சலுகை டிக்கெட்டுகளில் மாற்றவே முடியாது.

நுவரெலியா மாலதி:
இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். என் மகள் இத்தாலியில் வேலை செய்கிறாள், அங்கே வதிவிட அனுமதி இருக்கிறது. என்னை அழைத்து, ரோம் பக்கமிருந்து கப்பலில் கிரேக்கத் தீவுகள், துருக்கி பார்த்துவிட்டு இத்தாலிக்கே திரும்பலாம் என்கிறாள். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா ஒன்று எடுத்தால் போதுமா?

பண்டாரவளைக் கப்பல்காரன்:
போதாது அக்கா, அல்லது அது எந்த வகை ஷெங்கன் விசா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இத்தாலியிலிருந்து கிரேக்கம் போவது ஷெங்கனுக்கு உள்ளேயே நடமாடுவது. கப்பல் குஷாடசி போன்ற துருக்கித் துறைமுகத்தைத் தொட்டதும் நீங்கள் ஷெங்கனை விட்டு வெளியேறிவிட்டீர்கள். திரும்பி கிரேக்கத்துக்கோ இத்தாலிக்கோ வருவது இரண்டாவது நுழைவு. ஒற்றை நுழைவு விசா என்றால் கப்பலில் ஏறவே விடமாட்டார்கள். விண்ணப்பத்தில் பல நுழைவு என்று குறித்து, கப்பலின் முழுப் பாதையையும் இணையுங்கள். துருக்கிக்கு விசா வேண்டுமா என்பதைத் தனியே பாருங்கள்.

பழைய வரைபடத்தை நம்பாதீர்கள். குரோஷியா 2023 ஜனவரியில் ஷெங்கனுக்குள் வந்துவிட்டது. பக்கத்திலேயே இருக்கும் மொண்டெனேக்ரோ வெளியே. குரோஷியாவின் டுப்ரோவ்னிக் பார்த்துவிட்டு மொண்டெனேக்ரோவின் கோட்டோர் போகும் கப்பல்களில் இந்த ஒரு துறைமுகத்தால் விசா கணக்கு மாறும்.

மகளுக்கு இத்தாலி அனுமதி இருப்பதால் அவளுக்கு மறு நுழைவு பிரச்சினை இல்லை, பாஸ்போர்ட்டையும் அனுமதி அட்டையையும் கையில் வைத்திருக்க வேண்டும், துருக்கிக்கு அவளும் தனியே பார்க்க வேண்டும். ஆனால் அவளுடைய அனுமதி உங்களுக்கு உதவாது. இருவரும் ஒரே அறையில் பயணம் செய்தாலும் ஆவணம் ஆளுக்கு ஆள்தான்.

தலவாக்கலை தர்ஷினி:
மாலதி அக்கா, ஷெங்கன் விண்ணப்பத்தைப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே கொடுக்கலாம், கடைசி எல்லை 15 நாள். கடைசி வரை காத்திருக்காதீர்கள், கொழும்பில் நேரம் கிடைப்பதே சிரமம். 2024 ஜூன் 11 முதல் பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்புறுதியும் வேண்டும். தமிழிலோ சிங்களத்திலோ இருக்கும் சான்றிதழ்களுக்குச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு எடுத்துக்கொள்ளுங்கள். மொழிபெயர்ப்பவரிடம் முதலிலேயே பாஸ்போர்ட்டைக் காட்டுங்கள், அதில் உள்ள எழுத்துப்படியே பெயரை எழுதச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அதிபர் ஐயா சொன்ன கதை அங்கேயும் தொடரும்.

புசல்லாவை சிவா:
சென்னையிலிருந்து திருகோணமலை, அம்பாந்தோட்டை, காங்கேசன்துறைக்கு 2023இல் ஒரு உல்லாசக் கப்பல் வந்ததே, அது மாதிரி ஒன்றில் நாமும் ஏறலாமா? கூடலூரில் உள்ள சொந்தங்களோடு சேர்ந்து போக ஆசை. அவர்கள் இந்தியப் பாஸ்போர்ட், நாங்கள் இலங்கை.

பண்டாரவளைக் கப்பல்காரன்:
நல்ல கேள்வி. நீங்கள் சென்னைக்கு விமானத்தில் போவது இந்தியாவுக்குள் முதல் நுழைவு. கப்பல் திருகோணமலைக்கு வந்தால் உங்களுக்கு அது சொந்த நாடு, விசாப் பேச்சே இல்லை, உங்கள் சொந்தக்காரர்கள்தான் இலங்கை அனுமதி எடுக்க வேண்டும். திரும்பிச் சென்னைக்குப் போகும்போது உங்களுக்கு இரண்டாவது இந்திய நுழைவு. 30 நாள் சுற்றுலா ஈ-விசா இரண்டு நுழைவு தருகிறது, ஒரு வருட விசா பல நுழைவு. ஈ-விசாவில் குறிப்பிட்ட துறைமுகங்கள் வழியாக மட்டுமே நுழைய முடியும், சென்னைத் துறைமுகம் அந்தப் பட்டியலில் இருக்கிறது. சந்தேகம் இருந்தால் கண்டியில் இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயம் இருக்கிறது, நேரில் கேட்கலாம்.

நாகப்பட்டினம் காங்கேசன்துறைப் படகு 2023 ஒக்டோபரில் தொடங்கியது, அது வேறு. ஒரு கரையில் ஏறி மறு கரையில் இறங்கும் சாதாரணப் பயணம். கப்பல் சுற்றுலாவின் நுழைவுக் கணக்கை அதோடு கலந்துவிடாதீர்கள்.

மஸ்கெலியா ரூபன்:
அண்ணா, நான் ஹோட்டல் கோர்ஸ் முடிக்கப் போகிறேன். உங்களைப் போலக் கப்பலில் வேலைக்குப் போக என்ன விசா?

பண்டாரவளைக் கப்பல்காரன்:
தம்பி, அதற்குத் தனி இழை போடுங்கள், விரிவாக எழுதுகிறேன். இப்போதைக்கு இவ்வளவு. பயணி விசாவில் கப்பலில் வேலை செய்ய முடியாது. கடலோடிப் புத்தகம் வேண்டும், அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சி வேண்டும், அமெரிக்கத் துறைமுகம் தொடும் கப்பல் என்றால் கப்பல் பணியாளருக்கான சி1/டி விசா வேண்டும், அவுஸ்திரேலியாவுக்கு வேறு வகை. விசிட் விசாவில் அனுப்பி அங்கே மாற்றித் தருகிறோம் என்று எவராவது காசு கேட்டால் கொடுத்துவிடாதே.

கொட்டகலை குமரன்:
எல்லோருக்கும் நன்றி. இப்போதைய நிலைமை இது. டிக்கெட் போடும் இடத்தில் முற்பணம் கட்டவில்லை. மலேசியாவைப் பற்றி எழுத்தில் கேட்டேன், "பயணிகளே உறுதி செய்துகொள்ள வேண்டும்" என்று பதில் வந்தது, அதுவே எனக்குப் போதுமான பதில். பினாங்கு, புக்கெட் மட்டும் போகும் பாதையைப் பார்க்கிறோம்.

அம்மாவின் பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் ஓர் எழுத்து பிழை. திருத்தத்துக்குக் கொடுத்துவிட்டோம், தோட்டப் பாடசாலைப் பதிவேட்டில் சரியான பெயர் இருந்தது, அதிபர் ஐயா சொன்னபடி நேரில் போனதால் கிடைத்தது. அப்பாவின் அப்பாவுடைய பிரஜாவுரிமைச் சான்றிதழும் கிடைத்துவிட்டது, மடிப்பில் கிழியப் பார்க்கிறது. அதை லெமினேட் செய்யலாமா?

ஹட்டன் ஜெயா:
செய்யவே கூடாது. லெமினேட் செய்த மூலப் பத்திரத்தைப் பல இடங்களில் ஏற்க மறுப்பார்கள், பின்பக்க முத்திரையும் சரியாகத் தெரியாது. பிளாஸ்டிக் உறையில் மடிக்காமல் வையுங்கள். கடைக்குக் கொண்டுவாருங்கள், இரண்டு பக்கமும் வர்ணத்தில் ஸ்கேன் செய்து தருகிறேன். பிரதியில் சமாதான நீதவானிடம் கையொப்பம் வாங்கி வைத்துக்கொண்டால் மூலத்தை அடிக்கடி வெளியே எடுக்க வேண்டியிருக்காது.

லிந்துலை ஓய்வுபெற்ற அதிபர்:
கையொப்பத்துக்கு என்னிடம் வாருங்கள் குமரன், நான் சமாதான நீதவான்தான். ஞாயிறு காலையில் வீட்டில் இருப்பேன். அப்பாவையும் கூட்டி வாருங்கள்.